வீட்டுச் சேவையகமும் இலவசப் படங்களும்



வீட்டில் பயனற்றுக் கிடக்கும் பழைய கணினியை ஒரு காட்சி நூலகமாக ஆக்கிக்கொள்ளும் வழக்கம் இந்நாளில் பரவி வருகின்றது. ஜெல்லிஃபின் என்றொரு மென்பொருள் உண்டு. அதனை நிறுவினால், அக்கணினியில் தொகுத்துவைத்த படங்களையும் பாடல்களையும் வீட்டின் எவ்வறையிலிருந்தும் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ காணலாம். எம்பி என்னும் மென்பொருளைச் செய்தோர் தம் மூலநிரலை மூடிக்கொண்டபோது, முன்பே திறந்திருந்த நிரலிலிருந்து 2018ஆம் ஆண்டில் கிளைத்தது இது. விலை கிடையாது. ஆனால் நிறுவி முடித்துத் திறந்து பார்த்தால் அலமாரிகள் வெறுமையாகவே இருக்கும். நிரப்புவது நம் பொறுப்பு.

இணையத்தில் இலவசமாய்க் கிடைப்பவற்றை அதில் எங்ஙனம் சேர்ப்பது? வழி மிக எளிது. ஓர் எழுத்துக்கோப்பைத் திறந்து, படம் இருக்குமிடத்தின் இணைய முகவரியை ஒரே வரியில் எழுதுங்கள். கோப்புக்குப் படத்தின் பெயரையும் ஆண்டையும் இட்டு, ஈற்றில் எஸ்.டி.ஆர்.எம். என்னும் நான்கெழுத்தைச் சேர்த்துப் படங்களுக்குரிய கோப்புறையில் வையுங்கள். நூலகத்தை மீண்டும் ஒருமுறை வருடச் சொன்னால், மற்றப் படங்களோடு இதுவும் வரிசையில் நிற்கும். நேரலை நிலையங்களுக்கு எம்.த்ரீ.யூ. என்ற பட்டியற்கோப்பு உண்டு. அதனைத் தொலைக்காட்சிப் பகுதியில் சேர்த்தாற் போதும்.

இந்த ஒருவரிக் கோப்பு நூலகத்துப் பட்டியல் அட்டையைப் போன்றது. அட்டை நம்மிடம் இருக்கின்றது. நூலோ வேறிடத்தில் இருக்கின்றது. இதனை மறந்தவர்களே பின்னர் ஏமாறுகிறார்கள்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் இணைய ஆவணக்காப்பகம் இருக்கின்றது. புரூஸ்டர் கேல் என்பவர் 1996இல் தொடங்கியது. பிரெஞ்சுக் கலைஞர் ஜார்ஜ் மெலியே 1902இல் எடுத்த நிலாப் பயணப் படத்தை அங்கே காணலாம். அதன் முகவரியை எழுதும்போது ஒரு நுட்பம் உண்டு. படத்தை ஓடவிட்டபின் மேலே தோன்றும் முகவரி, அப்பொழுது அப்படத்தைத் தாங்கும் ஒரு குறிப்பிட்ட கணினியினுடையது. படம் இடம் மாறினால் அது செத்துவிடும். பதிவிறக்கத்துக்கெனக் காப்பகம் கொடுக்கும் பொது முகவரியையே எழுதுதல் வேண்டும்.

அதுவும் என்றும் நிலைத்ததன்று. 2024 அக்டோபரில் அக்காப்பகம் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாட்கள் மூடிக்கிடந்தது. அந்நாட்களில் முகவரி மட்டும் வைத்திருந்தோருக்கு அட்டைதான் மிஞ்சியது. ஆகவே, உரிமைக்காலம் முடிந்த படமாயின் ஒரு படியை இறக்கித் தம் வட்டிலேயே வைத்துக்கொள்வதை நான் மேலாகக் கருதுகிறேன். வட்டு விலை கொடுத்து வாங்கவேண்டியதுதான். என் ஓய்வூதியத்திலிருந்து நானும் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் தெருக் கல்லூரி மாணவன் ஒருவன் சென்ற ஆண்டு ஒரு பட்டியற்கோப்பைக் கொண்டுவந்தான். நூற்றுக்கணக்கான நிலையங்கள், கட்டண நிலையங்களும் அவற்றுள் அடக்கம். சேர்க்க வேண்டாம் என்றேன். "ஐயா, நான் எதையும் எடுத்துவரவில்லையே, முகவரிதானே?" என்றான். கெட்டிக்கார வாதம். "பிறர் வீட்டுக்குக் கள்ளச்சாவி செய்தவன் எழுதிக்கொடுத்த முகவரி அல்லவா, தம்பி?" என்று கேட்டேன். அவன் உடனே ஒப்பவில்லை. ஒரு வாரம் வாதாடினான்.

வாதம் சட்டத்தில் வந்து நின்றது. நம் நாட்டு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. 1960இல் வெளிவந்த படத்துக்கு 2020 முடிய உரிமை இருந்தது. கதைக்கும் பாட்டுக்கும் கணக்கு வேறு. எழுதியவர் மறைந்த பின்னரும் 60 ஆண்டுகள் செல்லும். காசின்றிக் காணக் கிடைப்பது வேறு, உரிமை நீங்கியது வேறு. உரியவரே மனமுவந்து பொதுவில் விடுவது மூன்றாவது வகை. நாசா நிறுவனம் தானே எடுக்கும் விண்வெளிப் படங்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சட்டப்படி உரிமைத் தடையின்றிக் கிடைக்கின்றன.

பிறகு அம்மாணவனே அப்பட்டியலை வரிவரியாய்ப் பிரித்தான். நிலையத்தாரே தம் தளத்தில் யாவர்க்கும் திறந்துவைத்தவற்றை மட்டும் நிறுத்தினான். இருபதுகூடத் தேறவில்லை. இப்பொழுது ஒவ்வொரு படத்தின் கோப்புறையிலும் ஒரு சிறு குறிப்பு வைக்கிறான்: எடுத்தவர் யார், எந்த ஆண்டு, எங்கிருந்து வந்தது, எதனால் இலவசம். நான்காவது வினாவுக்கு விடை எழுத முடியாத படங்கள் தனிக் கோப்புறையில் காத்திருக்கின்றன.