ஆறாத புண்ணும் பீடிப் புகையும்

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பீடியும் சிகரெட்டும் நெஞ்சைக் கெடுக்கும், புற்றுநோய் தரும் என்பதை நாம் கேட்டிருக்கிறோம். பெட்டியின் மேல் 85 சதவிகித இடத்தில் எச்சரிக்கை இருக்க வேண்டுமென்பது 2016 முதல் அமலிலுள்ள விதி. (நாம் ஒன்றிரண்டாகச் சில்லறையில் வாங்குவதால் அது கடைக்காரர் கண்ணில்தான் படுகிறது!) இன்று நாம் பேசப்போவது தோலைப் பற்றி.

தோல் சினிமாக்காரர்களின் கவலையல்லவா என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. நமக்குச் சொத்து கையும் காலும்தான். அவற்றை மூடிக் காப்பது தோல்.

புகையிலுள்ள நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. போதாததற்கு, புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு, ரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அரைக் கூலி கொடுத்து அதிலும் பிடித்தம் செய்வது போல!

நூற்பாலைத் தோழர்களுக்கு இன்னொன்றும் எளிதில் விளங்கும். தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் நார். புகை அந்த நாரை அறுக்கிறது. புது நார் உண்டாவதையும் குறைக்கிறது. அறுந்த இழையை ஒட்ட ஆளில்லாத பிரேமில் என்ன நடக்கும்? வயதுக்கு முன்பே முகத்தில் சுருக்கம் விழுகிறது. வெயிலும் இதே நாரைத்தான் கெடுக்கிறது. நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர் வெயிலை விட முடியாது. பீடியை விட முடியும்.

சுருக்கம் கிடக்கட்டும். புண் ஆறாவிட்டால்? மில்லில் விரல் நசுங்குகிறது, வயலில் கருவேல முள் ஏறுகிறது. புகைப்பவரின் புண் ஆற நாளாகிறது. சீழ் பிடிப்பதும் அதிகம். ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பே புகையை நிறுத்தியவர்களுக்குச் சிக்கல் குறைவென்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அறிவித்தது. புண் ஆறும்வரை தினக்கூலிக்காரருக்கு யார் கூலி கொடுப்பார்கள்? சர்க்கரை வியாதியும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. 1908-ல் நியூயார்க் டாக்டர் லியோ பர்ஜர் விரிவாக எழுதியதால் அது பர்ஜர் வியாதி எனப்படுகிறது. வருவது பெரும்பாலும் 50 வயதுக்குட்பட்ட, புகையிலைப் பழக்கமுள்ள ஆண்களுக்கு. கை, கால்களின் சிறு குழாய்கள் அடைபடுகின்றன. நடந்தால் கால் வலிக்கும், நின்றால் விடும். பிறகு விரல் சில்லிடும், நுனியில் புண் வரும், கறுத்து அழுகும். கடைசியில் காலை எடுக்க நேரும். நம் நாட்டில் பீடி குடிக்கும் ஏழைகளிடையே இது அதிகம். அழுகுமுன் புகையிலையை அடியோடு விட்டவர்களில் அநேகமாக எல்லோருக்கும் கால் தப்பிவிடுகிறது. நாளைக்கு ஒன்றிரண்டு என்று குறைத்தால் போதாது; அந்த ஒன்றே வியாதியை வளர்க்கப் போதும்.

இலையில் சுற்றிய பீடி சாதுவானதென்பது வெறும் பேச்சு. அது அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், நிகோடினும் குறைவல்ல.

ராத்திரி ஷிப்டில் தூக்கம் கலையவும் பசியை மறக்கவும் பீடி பிடிக்கிறோம் என்பது உண்மை. பீடிக்காரருக்கு மட்டும் ஐந்து நிமிஷம் வெளியே போக மேஸ்திரி அனுமதிப்பதும் உண்மை. அந்த ஐந்து நிமிஷம் பீடி இல்லாதவருக்கும் வேண்டுமென்று நாம் கேட்க வேண்டும்.

இன்றிரவு கால் கழுவும்போது விரல் இடுக்குகளைப் பாருங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாளைக்கு எத்தனை பீடி என்று டாக்டர் கேட்டால் கணக்கைக் குறைக்காமல் சொல்லுங்கள்.