பாஸ்டன் கொடுத்த பெயர்கள்

(அம்பத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



பாடநூலில் இருப்பது பரீட்சைக்கு, மற்றதெல்லாம் நமக்கு என்று சொல்வாராம், எவருடைய நினைவாக இந்த அறக்கட்டளை நடக்கிறதோ அந்த ஆசிரியர். அவரிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டேன். அந்தத் தைரியத்தில்தான் அம்பத்தூரில் நின்றுகொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி அமெரிக்காவைப் பற்றிப் பேசத் துணிகிறேன்.

தலைப்பைப் பார்த்ததும் தூரத்துச் சங்கதி என்று தோன்றும். அவ்வளவு தூரமில்லை. இங்கிருந்து மூன்று ஸ்டேஷன் தள்ளி ஆவடியில், 1955 ஜனவரியில், யு.என். தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. அப்போது அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்தவர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். நேருவின் கொள்கை அவருக்குக் கட்டோடு பிடிக்காது. நடுநிலைமை என்பதே ஏறக்குறைய ஒழுக்கக்கேடு என்று அடுத்த ஆண்டு பேசியவர். அந்த டல்லஸின் பாட்டி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பாட்டனார் சென்னையில் பாதிரியாராக இருந்தவர். பாட்டனாரின் மாமனார், 1862இல் 67,000-க்கும் மேற்பட்ட சொற்களோடு தமிழ் ஆங்கில அகராதி வெளியிட்ட மைரன் வின்சுலோ. நான் பேச வந்தது அந்த மாமனாரின் தலைமுறையைப் பற்றி.

நம் பள்ளிப் புத்தகங்களில் அமெரிக்க வரலாறு தேயிலையைக் கடலில் கொட்டுவதில் தொடங்கும். வாஷிங்டனைத் தொட்டுவிட்டு ஒரே தாவில் லிங்கனிடம் போய் நிற்கும். நடுவில் இருப்பதுதான் அந்த நாடு தன்னையே உருவாக்கிக்கொண்ட காலம். 1800இல் 53 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1850இல் 2 கோடியே 32 லட்சமாயிற்று. மாநிலங்கள் 16இலிருந்து 31 ஆயின. அடிமைகளின் எண்ணிக்கையும் ஒன்பது லட்சத்திலிருந்து 32 லட்சமாகப் பெருகியது. சொத்துள்ளவனுக்குத்தான் ஓட்டு என்ற விதி வெள்ளை ஆண்களுக்குப் படிப்படியாக நீங்கியது. அதே ஆண்டுகளில் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில், சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பர்கள் அதுவரை இருந்த ஓட்டையும் பறிகொடுத்தார்கள்.

இன்னொரு மாற்றம் நமக்கு நேரடியாக வேண்டியது. நியூ இங்கிலாந்து மாநிலங்களில் திருச்சபைக்கு மக்கள் வரி கட்டிவந்தார்கள். கனெக்டிகட்டில் 1818இலும் மாசச்சூசெட்ஸில் 1833இலும் அது ஒழிந்தது. அரசு கைவிட்டதும் சபைகள் சந்தாவில் வாழக் கற்றுக்கொண்டன. சங்கம் வைப்பது, செயலாளரைப் போடுவது, வீடு வீடாகக் காசு சேர்ப்பது, ஆண்டறிக்கை அச்சடித்து அனுப்புவது என எல்லாமே அப்போது சூடு பிடித்தன. மதுவிலக்குக்கு ஒரு சங்கம், பைபிளுக்கு ஒரு சங்கம், அடிமை ஒழிப்புக்கு ஒரு சங்கம். வெளிநாட்டு மிஷன்களுக்காக 1810இல் பிறந்த சங்கம்தான் பாஸ்டனிலிருந்து இயங்கிய அமெரிக்கன் போர்டு. நான் வெறுமனே போர்டு என்றே சொல்லப்போகிறேன்.

1812 பிப்ரவரியில் சேலம் நகரத்தில் (நம் சேலம் அல்ல, மாசச்சூசெட்ஸில் உள்ளது) ஐந்து இளைஞர்களுக்குக் குருப்பட்டம் கொடுத்துக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களில் சிலர் இன்னும் கடலில் இருக்கும்போதே, ஜூன் மாதம், அமெரிக்கா பிரிட்டன்மீது போர் தொடுத்தது. கம்பெனி அரசுக்கு ஏற்கெனவே மிஷனரிகள் என்றால் ஆகாது. எதிரி நாட்டு மிஷனரிகள் என்றால் கேட்கவா வேண்டும்? வெளியேறச் சொன்னார்கள். ஒருவரின் மனைவி ஹாரியட் நியூவெல் 19 வயதில் மொரீஷியஸில் இறந்தார். அவருடைய வாழ்க்கைக் குறிப்பு அமெரிக்காவில் பல பதிப்புகள் கண்டது. பெண்கள் உண்டியல்களில் விழுந்த காசில் ஒரு பங்கு அந்தப் புத்தகம் பெற்றுத்தந்தது.

1816இல் போர்டின் ஆட்கள் யாழ்ப்பாணத்தில் கால் ஊன்றினார்கள். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில் என்று நிலையங்கள் எழுந்தன. 1820இல் கேரட் என்ற அச்சுக்காரர் வந்து இறங்கியபோது, இலங்கை அரசு அவரைத் தங்க விடவில்லை. புதிய அமெரிக்கர்களுக்கு இடமில்லை என்ற தடை 1833 வரை நீடித்தது. இருந்தும் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. கணிதம், வானியல், ஆங்கிலம் ஆகியவற்றோடு நல்ல தமிழும் கற்பித்தார்கள். 1824இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி வந்தது. 1836இல் வின்சுலோவும் மருத்துவர் ஜான் ஸ்கடரும் சென்னைக்கு வந்து மிஷன் தொடங்கினார்கள்.

இனி நான் நின்று பேச விரும்பும் இடம்.

வட்டுக்கோட்டையில் சேர்ந்த பல பையன்களுக்கு அமெரிக்கப் பெயர் சூட்டினார்கள். கடல் கடந்து ஒருவர் பணம் அனுப்பினால், அவர் சொல்லும் பெயர் பையனுக்கு. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னால்ட் சதாசிவம்பிள்ளை என்று நம் இலக்கிய வரலாற்றில் வரும் பெயர்களுக்கெல்லாம் மூலம் இதுதான். 1841இல் தமிழும் ஆங்கிலமுமாக ‘உதயதாரகை’ வெளிவந்தபோது அதன் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். இருவரும் தமிழர்கள்.

இதே காலத்தில், இதே போர்டு, அமெரிக்காவுக்குள்ளேயே செரோக்கி என்ற பூர்வகுடிகளிடையே பள்ளி நடத்தியது. சைரஸ் கிங்ஸ்பரி என்பவர் 1817இல் டென்னசியில் அதைத் தொடங்கினார். கனெக்டிகட்டின் கார்ன்வால் ஊரில் இருந்த போர்டு பள்ளிக்குப் போன செரோக்கிப் பையன் ஒருவன், புரவலர் ஒருவரின் பெயரை ஏற்று எலயஸ் பூடினோ ஆனான். 1828இல் செரோக்கியும் ஆங்கிலமுமாக ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ இதழ் தொடங்கியபோது அவனே ஆசிரியர். அதற்கான அச்செழுத்துகளைப் பாஸ்டனில் வார்த்துக் கொடுத்தது போர்டு. பெயர் சூட்டல், இருமொழி இதழ், விடுதிப் பள்ளி ஆகிய மூன்றும் ஜார்ஜியா மலைகளிலும் வட்டுக்கோட்டைப் பனங்காட்டிலும் ஒரே அலுவலகத்தின் கணக்குப் புத்தகத்தில் நடந்தவை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பழக்கம் நம்மிடம் வரவில்லை என்பதே என் குறை.

பூடினோவுக்கு என்ன ஆயிற்று? 1826இல் கார்ன்வால் ஊர் வெள்ளைப் பெண் ஹாரியட் கோல்டை அவர் மணந்தார். பைபிள் படித்த ஊர் அது. ஊரார் மணமக்களின் கொடும்பாவியை எரித்தார்கள். பள்ளியையும் அந்த ஆண்டே மூடவேண்டி வந்தது. நம் ஊர்ச் செய்தித்தாளைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து அரசியல். ஆண்ட்ரூ ஜாக்சன் சாமானியனின் ஜனாதிபதி என்று கொண்டாடப்பட்டவர். அந்தச் சாமானியனுக்குப் பருத்தி போட நிலம் வேண்டும். நிலத்தில் செரோக்கிகள் இருந்தார்கள். போர்டின் செயலாளர் ஜெரமையா எவர்ட்ஸ், ‘வில்லியம் பென்’ என்ற புனைபெயரில் 1829இல் 24 கட்டுரைகள் எழுதி, ஒப்பந்தத்தை மீறாதே என்று அரசோடு வாதாடினார். மனுக்கள் குவிந்தன, பெண்கள் கூட்டாகக் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். 1830இல் வெளியேற்றச் சட்டம் கீழவையில் 102-க்கு 97 என்று நூலிழையில் நிறைவேறியது. எவர்ட்ஸ் மறு ஆண்டு இறந்தார். போர்டின் மிஷனரி சாமுவேல் உஸ்டர், ஜார்ஜியா அரசின் உத்தரவுக்குப் பணியாமல் சிறை போனார். 1832இல் தலைமை நீதிபதி மார்ஷல் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். தீர்ப்பு ஏட்டில் இருந்தது. உஸ்டர் சிறையில் இருந்தார். 1838இல் ராணுவம் செரோக்கிகளை மேற்கே விரட்டியது. ஏறக்குறைய 16,000 பேரில் சுமார் 4,000 பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் 1835இல் கையெழுத்திட்ட பூடினோவைச் சொந்த மக்களே 1839இல் கொன்றார்கள்.

இந்த அளவில் நிறுத்தினால் போர்டு நல்லவர்கள் கட்சி என்று ஆகிவிடும். ஆகாது. செரோக்கிகளிலும், சோக்டா என்ற இன்னொரு பூர்வகுடி மக்களிலும் வசதியுள்ளவர்கள் கறுப்பர்களை அடிமையாக வைத்திருந்தார்கள். மேற்கே போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டே போனார்கள். அந்த எஜமானர்கள் போர்டின் சபைகளில் உறுப்பினர்கள். அவர்களை விலக்க வேண்டும் என்று வடக்கே குரல் எழுந்தது. 1845இல் புரூக்ளினில் கூடிய போர்டு, அடிமை வைத்திருப்பது ஒன்றே விலக்குவதற்குக் காரணமாகாது என்று முடிவு செய்தது. கொதித்துப்போனவர்கள் 1846இல் பிரிந்து வேறு சங்கம் கண்டார்கள்.

அதே போர்டின் மதுரை மிஷன் 1847இல் என்ன செய்தது? சாதியை விடாதவருக்குத் திருவிருந்தில் இடமில்லை என்று கண்டிப்புக் காட்டியது. 1850இல் சென்னை மிஷனரிகள், லுத்தரன்கள் நீங்கலாக, அதையே கூட்டாக அறிவித்தார்கள். சாதியை ஒழி என்று சொன்னது சரிதான்; நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. சொந்த நாட்டில் அடிமைக்காரனிடம், காலம் கனியட்டும், மெல்லத் திருந்துவான் என்று பேசிய வாய், மதுரையில் உடனே எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார் என்றது. சந்தா யாரிடமிருந்து வருகிறது என்பதே வித்தியாசம். மதுரைக்காரன் சந்தா கட்டவில்லை.

நம் பக்கத்துச் சங்கதி ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ நிலையம் போட்டு ஊன்றவில்லை; தாண்டிப் போனார்கள். பூந்தமல்லியில் பிரிட்டிஷ் படைகளின் முகாம் இருந்தது. சென்னையிலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் போகும் பெருவழி அதன் ஊடாகத்தான். ஸ்கடரின் மகன்கள் 1853இல் ஆர்க்காடு மிஷனை நிறுவினார்கள். 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியே வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியபோது அந்த வட்டாரமே சென்னைக்கு நெருங்கி வந்தது. வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், ஜான் ஸ்கடரின் பேத்தி.

சென்னையில் அவர்கள் விட்டுப்போனதில் பெரியது அச்சகம். 1838இல் வாங்கிய அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பவர் தமிழ் எழுத்துகளைச் சிறிதாக, தெளிவாக வார்த்தார். வின்சுலோவின் அகராதி அங்கேதான் அச்சாயிற்று. ஜோசப் நைட் தொடங்கிவைத்த சேகரிப்பும், இராமாநுஜ கவிராயர் போன்ற புலவர்களின் உழைப்பும் அதில் இருக்கின்றன. அகராதி வழங்குவதோ வின்சுலோ பெயரில்.

போர்டின் இன்னொரு செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன். 1855இல் அவர் நேரில் வந்து பார்த்து, வட்டுக்கோட்டைச் செமினரியை மூடவைத்தார். இங்கிலீஷ் படித்தவர்கள் ஊழியத்துக்கு வரவில்லை, சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. பாஸ்டன் கணக்கில் அது நஷ்டம். இரண்டே ஆண்டில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் அந்தச் செமினரியில் படித்த இருவர்: கரோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை. அதற்கு முன்பே யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் 1848இல் சைவப் பள்ளி தொடங்கி, அச்சகமும் கண்டு, மிஷன்காரர்களின் கருவிகளையே அவர்களுக்கு எதிராகத் திருப்பியிருந்தார்.

தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரம் ஃபிரான்சிஸ் கிங்ஸ்பரி என்றே அறியப்பட்டார். போர்டு வட்டாரத்தில் கிங்ஸ்பரி என்றால் நினைவுக்கு வருகிறவர், செரோக்கிகளிடம் பள்ளி தொடங்கிய அதே சைரஸ் கிங்ஸ்பரி. 1845 விவாதத்தில் சிக்கிய சோக்டா சபைகளும் அவர் வளர்த்தவையே. தாமோதரம்பிள்ளையோ சைவத்துக்குத் திரும்பி, ஓலைச்சுவடிகளைத் தேடித் தொல்காப்பிய உரைகளைப் பதிப்பித்தார். 1887இல் அவர் பதிப்பில் கலித்தொகை அச்சேறியது. வின்சுலோ இறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. அமெரிக்கன் மிஷன் அச்சகம் எப்போதோ கைமாறியிருந்தது.