தெளிந்த நீரும் தங்கிய சேறும்

கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் கலக்கும் பாலாற்றிலும், செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளிலும் வடகிழக்குப் பருவமழையின்போது பெருகிவரும் நீர், நுண்ணிய களிமண் துகள்களால் கலங்கியே இருக்கும். அத்துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவையாதலால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, அடியில் படியாமல் நீரிலேயே மிதக்கின்றன. அவற்றை ஒன்றுதிரட்டிப் படியச் செய்யும் பொருளே திரட்டி எனப்படுகிறது. நகரக் குடிநீர் நிலையங்களில் படிகாரம் செய்யும் இந்த வேலையைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தேற்றாங்கொட்டை செய்துவந்தது.

மண்பானையின் சொரசொரப்பான உட்புறத்தில் கொட்டையை இழைத்து, அதில் கலங்கல் நீரை ஊற்றித் தெளியவிடும் இப்பழக்கம், கலித்தொகையில் உவமையாக எடுத்தாளப்படும் அளவுக்குத் தொன்மையானது. இதே வேலையை முருங்கை விதையும் செய்யும். சூடானில் நைல் ஆற்று நீரை முருங்கை விதைப்பொடியால் தெளியவைக்கும் பெண்களின் வழக்கத்தை, சாமியா அல் அசாரியா யான் என்னும் ஜெர்மானிய அறிவியலாளர் விரிவாக ஆராய்ந்து உலகறியச் செய்தார். முருங்கை விதையில் உள்ள, நீரில் கரையும் புரதம் நேர்மின்னூட்டம் உடையது. ஆகவே அது களிமண் துகள்களைப் பற்றித் திரளாக்கி அடியில் இறக்கிவிடுகிறது. இவ்வாறு தெளிந்த நீர் கிருமி நீங்கிய நீர் ஆகிவிடாது என்பதால், அதைக் காய்ச்சியே பருக வேண்டும்.

தெளிந்த நீரைப் பற்றிப் பேசுவோர் பலர். அடியில் தங்கும் சேறு எங்கே போகிறது என்று கேட்போர் மிகச் சிலர். படிகாரம் விட்டுச்செல்லும் கொழகொழப்பான சேற்றில் அலுமினியம் ஹைட்ராக்சைடு மிகுந்திருக்கும். அதை வயலில் இட்டால், பயிருக்கு வேண்டிய பாஸ்பரசை அது தன்னோடு பிணைத்துக்கொள்ளும் என்பதோடு, அமில மண்ணில் அந்த அலுமினியம் கரைந்து வேர்களையும் தாக்கும். முருங்கை விதையால் படிந்த சேறோ பெரும்பாலும் களிமண்ணும் சிதையக்கூடிய கரிமப் பொருளுமே ஆகும். அதிலுள்ள புரதம் சிதையும்போது மண்ணுக்குத் தழைச்சத்து கிடைக்கிறது. முருங்கைச் சேற்றின் கன அளவு படிகாரச் சேற்றைவிட நான்கைந்து மடங்கு குறைவு என்று கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995இல் கண்டறிந்தனர்.

கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள கடலோர மணல் நிலம் பெய்த மழையையும் இட்ட உரத்தையும் தன்னிடம் நிறுத்திவைக்க இயலாதது; அதற்குக் குறையாக இருப்பது களியும் மக்குமே. கோடையில் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் பரப்பிய உழவர்கள் இக்குறையை நன்கு அறிந்திருந்தனர். 2017இல் ஏரிகளைத் தூர்வாரிச் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டபோது அரசும் வண்டலை விலையின்றி எடுக்க இசைவளித்தது. தெளிவிப்புத் தொட்டியில் தங்கும் சேறும் அதே வண்டலின் நுண்பகுதியேயாதலால், அதை வயலுக்குக் கொண்டுசெல்வது இப்பகுதிக்குப் புதிய கருத்தன்று.

ஆயினும் நீர் எதைச் சுமந்து வந்ததோ அதுவே சேற்றில் செறிந்து தங்கும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்கூடங்களின் கழிவால் பாலாறு பட்ட கேடு, 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கும் அளவுக்குப் பெரிது; தோல் பதனிடுதலில் பயன்படும் குரோமியம் கலந்திருக்குமாயின், எந்த விதையால் தெளியவைத்தாலும் அந்தச் சேறு வயலுக்கு ஆகாது. நெம்மேலி போன்ற கடல்நீர்க் குடிநீர் நிலையங்களின் சேறு உப்பேறியதாகையால், அதுவும் இக்கணக்கில் சேராது. தூய ஏரிநீரின் சேற்றையும் அப்படியே கொட்டிவிடலாகாது. மணற்பாத்தியில் பரப்பி, வெடித்து ஏடு ஏடாகப் பிரியும் வரை உலர்த்தி, வைக்கோலும் சாணமும் கூட்டி மக்கவைத்தால், குவியலின் உட்சூடு கிருமிகளைப் பெரிதும் அழித்துவிடும்.

முருங்கை விதையிலிருந்து கரையும் கரிமப் பொருளால் நீர் விரைவில் கெடக்கூடும் என்பதால், பெருநகர நிலையங்களுக்கு இம்முறை பொருந்தாது. சிற்றூர்த் தொட்டிகளுக்கே இது தக்கது. அத்தகைய தொட்டியை அமைக்க முன்வரும் ஊராட்சிகள், உலர்பாத்திக்கும் அருகிலேயே இடம் ஒதுக்கி, முதல் சேற்றை மண் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, குரோமியத்தின் அளவும் உப்பின் அளவும் தெரிந்த பின்னரே உழவர்களுக்கு வழங்க வேண்டும்.