ரெண்டு செக்கப்புக்கு நடுவுல மூணு மாசம்

என் மகளுக்கு இப்போ ஒன்பது வயசு. ஆறு வயசுல டைப் 1 சர்க்கரை நோய்னு தெரிஞ்சுது. இன்னைக்கு நோயைப் பத்திக் கொஞ்சமும், எங்களை மாதிரி மத்த அப்பா அம்மாக்களைப் பத்தி நிறையவும் பேசப்போறேன்.

"நிறைய சாக்லேட் குடுத்தீங்களா?" சொந்தக்காரங்க கேட்ட முதல் கேள்வி இதுதான். டைப் 1 இனிப்பு சாப்பிடுறதால வர்றது இல்லீங்க. உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்களை அழிச்சிடுது. அதனால பாகற்காய் ஜூஸோ கஷாயமோ இன்சுலினுக்கு மாற்று ஆகாது. 1922 ஜனவரியில டொரோன்டோவுல 14 வயசுப் பையன் ஒருத்தனுக்குத்தான் முதன்முதலா இன்சுலின் ஊசி போட்டாங்க. அதுக்கு முன்னாடி இந்த நோய் வந்த குழந்தைங்க பெரும்பாலும் ரொம்ப நாள் பிழைச்சதில்லை.

எங்க டாக்டர் எல்லாத்தையும் பொறுமையா சொல்லிக்கொடுத்தார். சர்க்கரை 70-க்குக் கீழ போனா 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட். சாப்பாட்டுக்கு முன்னாடி ஊசி. ஆனா டாக்டரைப் பார்க்கிறது மூணு மாசத்துக்கு ஒரு தடவை. நடுவுல இருக்கிற ராத்திரிகளை யாருகிட்ட கேக்கிறது?

ஒருநாள் கிளினிக்ல பக்கத்துல உக்காந்திருந்த அக்கா கேட்டாங்க: "நைட்டு மூணு மணிக்கு அலாரம் வைக்கிறீங்களா?" அவங்க பையனுக்குப் பன்னிரண்டு வயசு. அன்னைக்குத்தான் இந்த ஊர்ல இன்னொரு வீட்லயும் அந்த நேரத்துக்கு லைட் எரியுதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. அவங்க மூலமா இன்னும் ஏழெட்டுக் குடும்பம் பழக்கமாச்சு. மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்ல கூடுவோம்.

அங்க கத்துக்கிட்டது எல்லாம் வீட்டு விஷயம். நீளமா கரன்ட் போனா ரெண்டு மண்பானை, நடுவுல ஈர மணல், உள்ள இன்சுலின். பி.டி. பீரியடுக்கு முன்னாடி சர்க்கரை பார்க்கணும்னு ஸ்கூலுக்கு எழுதிக்கொடுக்கிற லெட்டர். சிபிஎஸ்இ பொதுத்தேர்வுல டைப் 1 மாணவர்கள் சாக்லேட், பழம், தண்ணி எல்லாம் உள்ள கொண்டுபோக 2017-லயே அனுமதி குடுத்திருக்காங்கன்னு ஒரு அப்பா சொல்லித்தான் தெரியும். ஒரே ஒரு கட்டுப்பாடு: எத்தனை யூனிட் போடறதுன்னு யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. அது டாக்டர் வேலை.

என் மாமியாருக்கு வேற பயம். "பொம்பளப் புள்ள, வெளிய சொல்லாத. நாளைக்குக் கல்யாணம் ஆகணும்ல." அவங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா மறைச்சா, கிளாஸ்ல அவளுக்குக் கை நடுங்கி வேர்க்கிறப்போ பக்கத்துல இருக்கிற பொண்ணுக்கு என்ன செய்யணும்னே தெரியாதே!

அந்த முடிவை எடுக்க வச்சது எங்க கூட்டத்துக்கு வந்த ஒரு காலேஜ் பொண்ணு. அவளுக்கும் டைப் 1. எல்லார் முன்னாடியும் சாதாரணமா ஊசி போட்டுக்கிட்டு, பிரியாணி பொட்டலத்தைப் பிரிச்சா. என் மகள் அவளையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் மெதுவா, "அக்கா, நீங்க ஹாஸ்டல்லயா இருக்கீங்க?"ன்னு கேட்டா. நானும் டாக்டரும் எவ்வளவோ சொல்லியும் அவளுக்குப் புரியாத ஒண்ணு அன்னைக்குப் புரிஞ்சுது. அடுத்த வாரமே ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டோம். மாமியார் ரெண்டு நாள் பேசல. இப்போ அவங்கதான் முந்தானையில குளுக்கோஸ் பாக்கெட் முடிஞ்சு வச்சிருக்காங்க.

கேக்கிற உங்க எல்லாருக்கும் ரெண்டு விஷயம். தெரிஞ்ச குழந்தைக்குத் திடீர்னு அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவுன்னு இருந்தா அன்னைக்கே சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, நாள் கடத்த வேண்டாம். டைப் 1 இருக்கிற குழந்தையோட அம்மா அப்பாவைப் பார்த்தா, "ஐயோ பாவம்"னு சொல்லாதீங்க. "லோ ஆனா நான் என்ன பண்ணணும்?"னு கேளுங்க. எங்களுக்கு அது போதும்.