ஒரு கோவைக்குள் நான்கு விதிகள்

 

நம் வினாத்தாள்களில் வெப்ப இயக்கவியல் விதிகள் தனித்தனியாகத்தான் வருகின்றன. சுழி விதியைக் கூறுக, இரண்டு மதிப்பெண். முதல் விதியை விளக்குக, ஐந்து மதிப்பெண். இவற்றுக்குள் என்ன உறவு என்று கேட்ட வினாத்தாள் என் கண்ணில் பட்டதில்லை. இந்தக் கருத்தரங்கு அதைக் கேட்கிறது. என் பங்குக்கு, பள்ளி மாணவரும் அறிந்த ஒரு கோவையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இலட்சிய வெப்ப எந்திரத்தின் பயனுறுதிறன் வேண்டுமா? குளிர்ந்த பக்கத்து வெப்பநிலையைச் சூடான பக்கத்து வெப்பநிலையால் வகுத்து, வரும் ஈவை ஒன்றிலிருந்து கழியுங்கள். அனல்மின் நிலையத்தில் நீராவி சுமார் 540 டிகிரி செல்சியசில் டர்பைனுக்குள் நுழைகிறது. கண்டென்சரில் 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் 813, 313. ஈவு 0.385. உச்சவரம்பு 61.5 விழுக்காடு. அதற்குமேல் எந்தப் பொறியாளராலும் போக முடியாது. இந்தச் சின்னக் கணக்குக்குள் நான்கு விதிகளும் உட்கார்ந்திருக்கின்றன.

சாதி கார்னோ 1824இல் தம் நூலை வெளியிட்டபோது இந்தக் கோவை இல்லை. அதில் உள்ள கழித்தலுக்கே இடமில்லை. வெப்பம் அழியாத ஒரு பாய்மம் என்று அன்று பலரும் நம்பினார்கள். அருவி நீர் விழுந்து ஆலைச் சக்கரத்தைச் சுழற்றினாலும் நீரின் அளவு குறைவதில்லை அல்லவா? அப்படியே வெப்பமும் மேலிருந்து கீழே இறங்கி, அளவு குறையாமல் வேலை செய்கிறது என்றார் கார்னோ. அந்தப் பிழையான அடித்தளத்தின் மீது நின்றே பிழையில்லாத ஒரு தேற்றத்தைச் சொன்னார்: இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையே ஓடும் மீள் எந்திரத்தை விஞ்சும் எந்திரம் இல்லை. விஞ்சுமானால் அதைக் கொண்டு மற்றதைப் பின்னோக்கி ஓட்டலாம். வெப்பம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஒன்றுமில்லாததிலிருந்து வேலை கிடைக்கும். நிரந்தர இயக்க எந்திரம் முடியாது என்ற ஒற்றைக் கொள்கையே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு ஜூல் வந்தார். 1847இல் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில் அவர் பேச்சைக் கேட்ட இளைஞர் வில்லியம் தாம்சனுக்கு நிம்மதி போயிற்று. வேலை வெப்பமாகிறது என்று ஜூல் அளந்து காட்டுகிறார். வெப்பம் அழியாது என்று கார்னோ சொல்கிறார். இருவரையும் எப்படி நம்புவது?

விடை 1850இல் கிளாசியசிடமிருந்து வந்தது. கார்னோவின் நிரூபணத்தை ஜூலின் கணக்கோடு நாமே போட்டுப் பார்ப்போம். சாதாரண மீள் எந்திரம் 100 அலகு வெப்பத்துக்கு 40 அலகு வேலை தருகிறது. 'மேலான' எந்திரம் 50 தருகிறது. மீதி 50 குளிர்ந்த பக்கம் போகிறது. அந்த 50 அலகு வேலையால் முதல் எந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டினால், அது குளிர்ந்த பக்கத்திலிருந்து 75 எடுத்துச் சூடான பக்கத்தில் 125 கொட்டும். மொத்தத்தில் 25 அலகு குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு ஏறியிருக்கிறது. மிச்சமான வேலை பூஜ்யம். ஆற்றல் எங்கும் முளைக்கவில்லை, எங்கும் மறையவுமில்லை. முதல் விதிக்கு இதில் ஆட்சேபமே கிடையாது!

கார்னோவின் தேற்றத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், வேறெந்த மாற்றமும் இன்றி வெப்பம் இப்படித் தானாக ஏறாது என்று புதிதாக ஒரு கொள்கையை வைத்தே ஆகவேண்டும். கிளாசியஸ் வைத்தார். முதல் விதி பிறந்ததால்தான் இரண்டாம் விதியைத் தனியே எழுதும் கட்டாயம் வந்தது என்பது என் கருத்து. தம் நூல் வெளிவந்த பிறகு கார்னோவே பாய்மக் கொள்கையைக் கைவிட்டு வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டுக் குறிப்பெழுதி வைத்திருந்தார். 36 வயதில் காலரா அவரைக் கொண்டுபோயிற்று. அந்தக் குறிப்புகள் 1878இல்தான் அச்சேறின.

கோவையில் உள்ள கழித்தல் முதல் விதியின் கை. ஈவு இரண்டாம் விதியின் கை. வெப்பநிலை என்ற ஒன்று இருக்கிறது என்பதற்குச் சுழி விதி பொறுப்பு. ஆனால் இரண்டு வெப்பநிலைகள் சமமா இல்லையா என்று மட்டுமே அது சொல்லும். 813 என்பது 313ஐப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் என்று சொல்ல அதற்கு அதிகாரமில்லை. அந்த அதிகாரத்தைத் தாம்சன் கார்னோவின் தேற்றத்திலிருந்தே பெற்றார்: மீள் எந்திரம் வாங்கும், விடும் வெப்பங்களின் விகிதமே வெப்பநிலைகளின் விகிதம். பாதரசம், வாயு எதையும் சாராத அளவுகோல் அது.

அடிப்படையாக இருந்தும் சுழி விதிக்குப் பெயர் கடைசியில்தான் கிடைத்தது. மேகநாத் சாகாவும் ஸ்ரீவாஸ்தவாவும் எழுதிய வெப்பவியல் நூலைப் பற்றிப் பேசும்போது ஆர். எச். ஃபவுலர் அந்தப் பெயரைச் சூட்டினார் என்று ஸோமர்ஃபெல்ட் எழுதுகிறார். சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 1930இல் கேம்பிரிட்ஜ் போன நம் சந்திரசேகருக்கு வழிகாட்டியாக இருந்தவரும் இதே ஃபவுலர்தான். சந்திரசேகர் 1939இல் விண்மீன் அமைப்பைப் பற்றி எழுதிய நூல், முதல் அத்தியாயத்திலேயே வெப்ப இயக்கவியல் விதிகளைக் கணிதவியலாளர் கரத்தியோடரியின் வழியில் கட்டியெழுப்புகிறது. விண்மீனைத் தேடிப் போகிறவர் இந்த விதிகளின் வழியே போகட்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மாணவர்கள் ஒருமுறை அதைப் புரட்டிப் பாருங்கள்.

மூன்றாம் விதியின் கதையில்தான் சண்டை அதிகம். கோவையில் குளிர்ந்த பக்கத்து வெப்பநிலையைப் பூஜ்யமாக்குங்கள். பயனுறுதிறன் நூறு விழுக்காடு! வெப்பம் முழுவதும் வேலையாகிவிடும். இரண்டாம் விதி அதை ஒப்பாது. ஆகவே பூஜ்யத்தை எட்ட முடியாது என்ற தம் விதி இரண்டாம் விதியிலிருந்தே வருகிறது என்று நெர்ன்ஸ்ட் 1912இல் வாதிட்டார். ஐன்ஸ்டைன் ஏற்கவில்லை. பூஜ்யத்தில் சமவெப்பநிலை நிகழ்வும் வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வும் ஒன்றாகிவிடுகின்றன. இம்மியளவு உராய்வு இருந்தாலும் எந்திரம் அந்தப் பாதையை விட்டு விலகிவிடும். கற்பனையிலும் ஓட்ட முடியாத சுற்றை வைத்து விதியை நிரூபிப்பது எப்படி? இதில் நான் ஐன்ஸ்டைன் பக்கம். இரண்டாம் விதி அளவுகோலுக்குப் பூஜ்யத்தைக் குறித்துத் தருகிறது. அங்கே என்ட்ரோபி எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்வதில்லை. அது குவாண்டம் இயற்பியலின் சேதி.

எட்ட முடியாவிட்டாலும் பூஜ்யத்தை எவ்வளவு நெருங்கலாம்? 1995இல் கொலராடோவின் போல்டர் நகரில் ருபிடியம் அணுக்களைக் கெல்வினில் நூறு கோடியில் சுமார் 170 பங்கு அளவுக்குக் குளிர்வித்தார்கள். மசானெஸும் ஓப்பன்ஹைமும் 2017இல், பூஜ்யத்தை நெருங்க எவ்வளவு காலமும் எவ்வளவு வளமும் செலவாகும் என்ற கணக்கிலிருந்து மூன்றாம் விதியை வருவித்தார்கள். அந்த வருவிப்பில் இரண்டாம் விதிக்கு வெளியிலிருந்து எந்த அனுமானம் நுழைகிறது, அதைத் தவிர்க்க இயலுமா என்பதே முற்பகல் அமர்வின் பொருள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.