தூரத்தை அளப்பது நேரமே!

  

எனக்கு முன்னால பேசின அம்மா, "சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சுமார் 2,900 கிலோமீட்டர். அது என்றைக்கும் மாறாது. அதனால் தூரத்தை அளப்பது கிலோமீட்டர்தான்" என்று அடிச்சுப் பேசிட்டுப் போயிருக்காங்க.

அம்மா, அந்த 2,900 என்பது வரைபடத்துக் கணக்கு. வங்காள விரிகுடாவுக்கு மேல கருமேகம் திரண்டா விமானி சுத்திப் போவார். இறங்குற இடத்துல நெரிசல்னா வானத்திலேயே வட்டமடிப்பார். அப்ப உங்க கிலோமீட்டர் என்ன ஆச்சு? (சிரிப்பு)

இன்னொரு நண்பர் கடிகாரத்தையே குறை சொன்னார். சென்னையில காலை 10 மணிக்குப் புறப்பட்டா, அங்கே மாலை 4.30. ஆறரை மணி நேரம்! திரும்பும்போது அங்கே 10 மணிக்குப் புறப்பட்டா, இங்கே 11.30. ஒன்றரை மணி நேரம்! "இந்தக் கடிகாரத்தை நம்பலாமா?" என்று கேட்டார். ஐயா, சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால ஓடுது. ரெண்டு பக்கமும் நீங்க உட்கார்ந்திருந்தது ஏறத்தாழ நாலு மணி நேரம்தான். முள்ளைத் திருப்பி வைக்க மறந்துட்டுக் கடிகாரத்தைத் திட்டுறீங்களே! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, 1926-ல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அந்தக் காலத்தில் இங்கே அப்பா இறந்துட்டாருன்னு தந்தி போகும். மகன் அங்கேயே தலை முழுகிட்டு, மறுநாள் வேலைக்குப் போவான். முகத்தைப் பார்க்க வழியில்லை. கப்பல் வருகிற வரைக்கும் பிணம் காத்திருக்குமா?

இன்றைக்கு? விடியற்காலை போன் வருது. டிக்கெட் கிடைக்கணும், முதலாளி விடணும், மூணு மணி நேரம் முன்னாடியே விமான நிலையத்தில் நிற்கணும். எல்லாம் தாண்டித் திருச்சியில் இறங்கி, கார் பிடிச்சு, ராத்திரிக்குள்ள ஊர் வந்து சேர்ந்திடறான். அப்பன் முகத்தைப் பார்த்துக் கொள்ளி வைக்கிறான்.

அதே கடல்! கிலோமீட்டர் குறையவில்லை. குறைஞ்சது நேரம்! (பலத்த கைதட்டல்)

அந்தத் துக்க வீட்டு வாசலுக்குப் போங்க. ஐஸ் பெட்டியில் உடம்பு இருக்கு. ஊர்ப் பெரியவர் என்ன கேட்கிறார்? "பையன் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கான்?" என்றா கேட்கிறார்? "எத்தனை மணிக்கு வந்து சேருவான்?" என்றுதானே கேட்கிறார்!

பள்ளிக்கூடமே போகாத அந்தப் பெரியவர் சொல்லிவிட்டார் தீர்ப்பு. நடுவர் அவர்களும் அதையே வழிமொழிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.