கண்டுபிடித்த பின்பும் கண் தெரிய வேண்டும்



வான்நோக்குக் கருவிகளைப் பற்றிய கருத்தரங்குகள் பெரும்பாலும் குளிரூட்டிய அரங்குகளில், பளிச்சென்ற திரைக்கு எதிரே நடக்கின்றன. கருவிகளை வடிவமைப்பவர்களும் அத்தகைய அறைகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த அவை மதுரைச் சாலையில் விராலிமலை தாண்டி மருங்காபுரியில் கூடியதற்குக் காரணம் இருக்கிறது. மலைக்கோட்டை அடிவாரத்திலோ ஸ்ரீரங்கத்து மாடியிலோ தொலைநோக்கியை வைப்பவர் நிலாவையும் வியாழனையும் பார்ப்பார். அவற்றைத் தேடித்தர எந்த மின்னணுக் கருவியும் வேண்டாம். மங்கலான விண்மீன் திரள்களுக்குத்தான் அது வேண்டும். அவை தெரிய இருண்ட வானமும் இருளுக்குப் பழகிய கண்ணும் வேண்டும். வானத்தைத் தேடிப் போய்விடலாம். கண்ணைத்தான் தேடு கருவியின் திரை வெளிச்சமே கெடுத்துவிடுகிறது.

விழித்திரையில் ஏறத்தாழ 60 லட்சம் கூம்பு செல்களும் 12 கோடி குச்சி செல்களும் இருக்கின்றன. நிறம் பார்ப்பவை கூம்புகள். இருளில் வேலை செய்பவை குச்சிகள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தவரின் கூம்புகள் பத்து நிமிடத்தில் தேறிவிடும். குச்சிகளில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி மீண்டும் ஊறி நிறைய அரைமணிக்கு மேல் ஆகும். பளீரென்று ஒரு திரை எரிந்தால் சில நொடிகளில் அது வெளுத்துப்போகும். பிறகு மறுபடியும் காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த மருந்து சிவப்பு விளக்கு. குச்சிகள் 500 நானோமீட்டர் அருகிலுள்ள நீலப்பச்சை ஒளியையே அதிகம் உணர்கின்றன. 640 நானோமீட்டரைத் தாண்டிய சிவப்பை அநேகமாகக் கண்டுகொள்வதில்லை. கடவூர்க் காடுகளில் வாழும் தேவாங்கு போன்ற இரவு விலங்குகளைக் கணக்கெடுப்பவர்கள் சிவப்புத் தாள் ஒட்டிய விளக்கோடு நடப்பதும் ஏறக்குறைய இதே கணக்கில்தான். 2022-இல் அந்தக் காடுகள் தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மருங்காபுரிக்காரர்களுக்கு அவை அதிகத் தொலைவில்லை.

ஆனால் சிவப்பு ஒரு மந்திரம் அல்ல. பிரகாசமான சிவப்பும் கண்ணைக் கெடுக்கும். மிக மங்கலான வெண்மை அந்த அளவுக்குக் கெடுக்காது. நீர்மூழ்கிக் கப்பல்களில் நெடுங்காலம் சிவப்பு விளக்கைப் பயன்படுத்திய அமெரிக்கக் கடற்படை பின்னாளில் குறைந்த அளவு வெண்ணொளிக்கு மாறியது. வண்ணக் குறியிட்ட வரைபடங்களைச் சிவப்பொளியில் படிக்க முடியாமல் போனது அதற்கு ஒரு காரணம். விண்மீன் வரைபடத்தில் சிவப்பு மையில் அச்சிட்ட குறிகள் சிவப்பு விளக்கின் கீழ் மாயமாகிவிடும் என்பதை இங்கே பலரும் பட்டறிந்திருப்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு தொல்லை. அடர்சிவப்பு ஒளி விழித்திரைக்குச் சற்றுப் பின்னால் குவிகிறது. வயதான கண்ணுக்குள் இருக்கும் வில்லை அதைச் சரிக்கட்ட மறுக்கிறது. ஆகவே எந்த நிறம் என்பது இரண்டாவது கேள்வி. எவ்வளவு குறைக்க முடியும் என்பதே முதல் கேள்வி.

இந்தக் கேள்விக்கு மிக நல்ல விடை சொன்ன கருவி மிக எளியது. அமெரிக்கரான ஸ்டீவ் குஃபெல்ட் உருவாக்கிய டெல்ராட், சாய்ந்த கண்ணாடியில் அரை, இரண்டு, நான்கு பாகை அளவுள்ள மூன்று சிவப்பு வளையங்களை வானத்தின் மேல் மிதக்கவிடுகிறது. பக்கத்தில் ஒரு திருகு. கண்ணை எடுக்காமல், கையால் தடவியே வெளிச்சத்தை ஒன்றுமில்லாத அளவுக்குக் குறைக்கலாம். பிறகு வந்தவை டிஜிட்டல் அளவு வட்டங்கள். தொலைநோக்கியின் இரு அச்சுகளிலும் பொருத்திய என்கோடர்கள் சுழற்சியை எண்ணுகின்றன. ஒரு சுற்றை 8192 படிகளாகப் பிரித்தால் ஒரு படி சுமார் 2.6 பாகைத்துளி. இரண்டு விண்மீன்களைக் காட்டிச் சீரமைத்துவிட்டால் மற்றவற்றுக்கு அதுவே வழி சொல்லும். இப்போது கைபேசியே கேமராவால் வானத்தைப் படம்பிடித்து, விண்மீன் அமைப்பை அடையாளம் கண்டு, தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்று சொல்லிவிடுகிறது.

அறிவில் இது பெரிய பாய்ச்சல். வெளிச்ச விஷயத்தில் பின்னடைவு. செயலியின் இரவு முறை திரையைச் சிவப்பாக்கும். தேட எழுத்துப் பலகை மேலே வந்தால் அது வெள்ளை. மின்கலம் குறைந்த அறிவிப்பு வெள்ளை. யாரோ வாட்ஸப்பில் அனுப்பும் காலை வணக்கமும் வெள்ளை. எல்சிடி திரையில் கறுப்புகூட முழுக் கறுப்பல்ல, பின்னொளி கசியும்; ஓலெட் திரையில் கறுப்புப் புள்ளிகள் உண்மையாகவே அணைந்திருக்கும். தொலைநோக்கிக்குக் கைபேசி வாங்குவோர் மெகாபிக்சலைக் கேட்கும் முன் இதைக் கேட்கலாம்.

இனி, இந்த ஊரின் அட்சரேகைக்கே உரிய சிக்கல் ஒன்று. மருங்காபுரி ஏறத்தாழ பத்தரை பாகை வடக்கில் இருக்கிறது. வட துருவ மீன் அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். புழுதி மண்டிய இரவில் கண்ணில் படாது. அதைக் கொண்டு தொடங்கச் சொல்லும் கையேடுகள் வேறு நாட்டுக்கு எழுதப்பட்டவை. அதைவிட முக்கியமானது தலைக்கு நேர் மேலே நடப்பது. கன்னி ராசிப் பக்கம் நெருக்கியடித்துக் கிடக்கும் விண்மீன் திரள்களில் பெரியவற்றுள் ஒன்று எம்87. அதன் நடுவரை விலக்கம், அதாவது வான நடுவரைக்கு வடக்கே அதன் தொலைவு, 12 பாகைக்குச் சற்று மேல். சித்திரை மாதத்து இரவில் அது இங்கே உச்சியை இரண்டு பாகை நெருக்கத்தில் கடக்கிறது. தேடு கருவி இல்லாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்தறியத் திணறும் இடம் அதுதான். அடிப்பலகை மேல் சுழலும் டாப்சோனியன் தொலைநோக்கி அதிகம் முரண்டுபிடிக்கும் இடமும் அதுதான். உச்சிக்கு இரண்டு பாகை அருகே பார்வையைப் பக்கவாட்டில் ஒரே ஒரு பாகை நகர்த்த, அடிப்பலகையை ஏறக்குறைய 29 பாகை சுழற்ற வேண்டும். திரையோ “திசைக்கோணம் 20 பாகை பிழை” என்று மிரட்டும். வானத்தில் உண்மையான விலகல் முக்கால் பாகைகூட இருக்காது. புதியவர் குழம்பி, திரையை மறுபடி மறுபடி பார்த்து, இருந்த கொஞ்சம் இருட்பார்வையையும் இழப்பார். திசைக்கோணம், உயரம் என்ற இரண்டு எண்களுக்குப் பதிலாக வானத்தில் உள்ள உண்மை விலகலை வளையமாகக் காட்டினால் இந்தக் குழப்பமே இல்லை. சில செயலிகள் அப்படிக் காட்டுகின்றன. எல்லாமே காட்ட வேண்டும்.

மார்கழியில் பனி இறங்கினால் தொடுதிரை தானாகவே எதையோ அழுத்திக்கொள்ளும். அல்லது விரலுக்கு மசியாது. தடவினால் தெரிகிற பொத்தான்கள் இன்னும் வழக்கொழியவில்லை என்பதைத் தயாரிப்பாளர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

எழுத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. மங்கலான ஒளியில் கண்ணின் கூர்மை வெகுவாகக் குறைகிறது. முழு இருளில் பார்வையின் நடுப்புள்ளியே குருடாகிவிடுகிறது, அங்கே குச்சி செல்கள் இல்லை. பெரிய எழுத்தில் எம்87 என்று படித்துவிடலாம். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் உள்ள சுழி வேறுபாடும், மெய்யெழுத்தின் புள்ளியும் முதலில் மறைபவை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வானம் காட்டப் போகிறவர்கள் தமிழில் கருவி வேண்டும் என்று கேட்பது நியாயம். அது திரையில் தமிழாக இருப்பதைவிடக் காதில் தமிழாக இருப்பது நல்லது. “இடப்பக்கம் இன்னும் கொஞ்சம்” என்று ஒரு குரல் சொன்னால் எந்த ஒளியும் தேவையில்லை.

கண்ணை நம்பிய வானியலுக்கு இந்த மாநிலத்தில் நல்ல மரபு உண்டு. சென்னை வான்நோக்ககத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார். ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இயங்குகிறது. ஆனால் அங்கே ஒளியைப் பெறுவது கண் அல்ல, மின்னணுக் கருவி. அதற்குக் கண் கூசும் பிரச்சினை கிடையாது. ஆகவே இந்தச் சிக்கலைப் பெரிய நிலையங்கள் தீர்த்துத் தரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. தொலைநோக்கியின் கண்வில்லையில் கண் வைப்பவர்கள்தான் தீர்க்க வேண்டும்.

ஆகவே இந்த அவைக்கு ஒரு சோதனை முறை முன்வைக்கப்படுகிறது. ஒரு கருவி இலக்கை எவ்வளவு வேகமாகக் காட்டுகிறது என்பதோடு நிறுத்தாமல், அதைப் பயன்படுத்தி முடித்த உடனே அதே ஆள் கண்வில்லையில் எவ்வளவு மங்கலான விண்மீன் வரை காண்கிறார் என்றும் குறிக்க வேண்டும். நிலவில்லாத இரவில், உச்சிக்கு அருகிலும் பார்த்து, பதினைந்து வயதினரும் அறுபது வயதினரும் ஒரே தாளில் எழுத வேண்டும். மாலை அமர்வில் படிவங்கள் தரப்படும். கருவி கொண்டுவந்திருப்பவர்கள் அதற்குள் கைபேசியின் அறிவிப்புகளை நிறுத்தி, வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்து வைத்துவிடுவது நல்லது. மைதானத்தில் வெள்ளைத் திரை எரியும் கைபேசி எதுவாக இருந்தாலும் அவைத் தலைவரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும்.